ஐஸ் கச்சாங்கும் பனிச்சறுக்கும்: காலை எட்டு மணிச் சரிவு ஏன் ஆபத்து?

தென்கொரியாவில் படிக்கும் என் முன்னாள் மாணவன் ஒருவன், ஒரு மார்ச் மாதம் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீடியோ அழைப்பில் வந்தான். "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போயிடலாம்னு காலையிலயே சறுக்கப் போனேன் டீச்சர். தரை கண்ணாடி மாதிரி இருந்துச்சு." முந்தைய நாள் பிற்பகல் அதே சரிவில் நன்றாகத்தான் சறுக்கியிருக்கிறான். இடையில் ஓர் இரவு மட்டுமே. அந்த இரவில் என்ன நடந்தது? படிவம் 5 மாணவர்களுக்கு விளக்கக் கட்டுரை நடத்த இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் தடை மொழியிலேயே இருக்கிறது. கேமரன் மலையை மூடுவதும் பனி, புல் நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. எனவே வானிலிருந்து துகளாக விழுவது வெண்பனி, நீர் உறைந்து இறுகியது பனிக்கட்டி என்று தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அடுத்து, ஈப்போ பிள்ளைகளுக்குத் தெரிந்த ஐஸ் கச்சாங். சீவிய ஐஸில் துகள்களுக்கு இடையே காற்று இருப்பதால் கரண்டி சுலபமாக இறங்கும். பாதி உருகியதும் அதை ஃபிரீசரில் வையுங்கள். மறுநாள் கரண்டிதான் வளையும்! குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் நாள்களில் மலைச்சரிவிலும் இதுவே நடக்கிறது. பகல் வெயிலில் மேற்பரப்பு உருகி, நீர் துகள்களுக்கிடையே இறங்குகிறது. வானம் தெளிந்த இரவில் சரிவு தன் வெப்பத்தை வேகமாக இழக்க, அந்த நீர் உறைந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது.

ஆகவே இந்தப் பருவத்தில் ஒரே சரிவு ஒரு நாளில் மூன்று தரையாக மாறுகிறது. காலையில் கட்டி. வெயில் பட்டு மேலே ஓரிரு சென்டிமீட்டர் இளகும்போது சறுக்க நல்ல நேரம். பிற்பகலில் கூழ், சறுக்குப்பலகை புதைந்து முழங்கால் திருகிக்கொள்ளும், செங்குத்தான இடங்களில் ஈரப் பனிச்சரிவும் வரலாம். கிழக்குப் பக்கம் முதலில் இளகும். மர நிழலில் நண்பகலிலும் கட்டி மிஞ்சியிருக்கும். என் மாணவன் கடிகாரத்தைப் பார்த்தான், ஆனால் கூட்டத்துக்காகப் பார்த்தான்.

கட்டியில் மாட்டிக்கொண்டால்? என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்த செம்மண் மேட்டில், தோளில் காண்டாவும் பால்வாளிகளுமாக இறங்கும்போது பாதத்தைக் குறுக்கே வைத்து, ஓரத்தை அழுத்தித்தான் இறங்குவாராம். பனிச்சறுக்கிலும் அதே வித்தைதான். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, அவற்றின் உலோக விளிம்பை அழுத்த வேண்டும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் அந்தப் பிடியும் போய்விடும். விளிம்பைத் தீட்டி வைத்திருக்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம். கட்டியில் நிற்கக் கூடுதல் தூரம் தேவைப்படுவதால், முன்னால் போகிறவரிடமிருந்து நன்றாக விலகியே வர வேண்டும். அவருக்கே முன்னுரிமை என்பது அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி. விழுந்தால் கையை ஊன்றக் கூடாது. கால்களைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து விளிம்புகளால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

"அப்போ போட்டியாளர்கள் மட்டும் எப்படி டீச்சர்?" என்று வகுப்பில் கேட்பார்கள். நம் நாட்டின் ஜெப்ரி வெப் 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கிலும், அருவின் சாலேஹுடின் 2022-இல் பெய்ஜிங்கிலும் சறுக்கியவர்கள். போட்டித் தடத்தை நீர் பாய்ச்சி வேண்டுமென்றே இறுக்குவார்கள். இல்லாவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்குத் தடம் குழி குழியாகிவிடும். வசந்தத்தில் தடம் இளகினால் உப்புத் தூவுவதும் உண்டு. உப்பு கொஞ்சம் பனியை உருக்கும். அப்போது சுற்றியுள்ள வெப்பத்தை அது இழுத்துக்கொள்ள, மீதி நீர் உறைந்து இறுகும். யானைக்கும் அடி சறுக்கும் என்பதால் அவர்களும் விழத்தான் செய்கிறார்கள்.

கருத்துணர்தலுக்கு ஒரு கேள்வி: இரவு முழுக்க மேகமூட்டம் என்றால் மறுநாள் காலை சரிவு எப்படி இருக்கும்? "கட்டியா இருக்காது, அப்போ பத்திரம்" என்று சட்டென்று எழுதுகிறவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான். மேகம் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் பனி சரியாக உறைந்திருக்காது. விடியும்போதே கூழாக இருக்கும், பனிச்சரிவு ஆபத்தும் காலையிலேயே தொடங்கிவிடும்.