லேப்டாப்பில் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் கேபினட்டைத் திறந்து எதை வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். லேப்டாப்பில் அந்த வசதி இல்லை. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் ப்ராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வருகின்றன. நாம் மாற்றக் கூடியவை முக்கியமாக இரண்டுதான்: ராம் மெமரி, ஹார்ட் டிஸ்க். லேப்டாப் மெதுவாக இயங்கினால் உடனே ராம் வாங்க ஓடுகிறோம். பல வேளைகளில் குறை அங்கே இருப்பதில்லை.

பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் புரோகிராம்கள் அனைத்தையும் திறந்து கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மானேஜர் கிடைக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பிரிவில் முதலில் மெமரியைப் பாருங்கள். 85 சதவீதத்திற்கு மேலேயே நின்றால் ராம் போதவில்லை. (ராம் நிரம்பினால் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை மெமரி போலப் பயன்படுத்தும், எனவே டிஸ்க் அளவும் சேர்ந்தே உயரும்.) மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால், எத்தனை ஜிபி ராம் சேர்த்தாலும் பயன் அதிகம் இராது.

பழைய லேப்டாப்களின் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். ஒவ்வொரு பைலையும் தேடி அதன் முனை நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது. அதனால்தான் இந்த ஒரு மாற்றத்திலேயே விண்டோஸ் திறக்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும். எம்.2 என்பது சூயிங்கம் பட்டை போன்ற சிறிய அட்டை. இதில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உண்டு. பார்க்க ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணைய தளத்தில் மேனுவலைப் பார்த்து விட்டு வாங்குங்கள்.

ராமிலும் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவற்றிற்கு வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. அழுத்திப் பார்க்க வேண்டாம். டாஸ்க் மானேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்கள் நிரம்பியுள்ளன என்று தெரியும். அங்கே பார்ம் பேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆப் சிப்ஸ்" என்றிருந்தால், ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டுள்ளது என்று பொருள். சில மாடல்களில் அதோடு ஒரு காலி ஸ்லாட்டும் தருகிறார்கள். பல மெல்லிய லேப்டாப்களில் அதுவும் இல்லை. ஆப்பிள் மேக்புக் ஏரில் என்றுமே இருந்ததில்லை. இத்தகைய லேப்டாப்பை 8 ஜிபியுடன் வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். "பிறகு கூட்டிக் கொள்ளலாம்" என்று கடைக்காரர் சொன்னால், ஸ்லாட் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள்.

டிஸ்க்கை மாற்றும் முன் பைல்களை வேறு டிஸ்க்கில் பேக் அப் எடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரெகவரி கீயைத் தாளில் குறித்து வையுங்கள். அது இல்லாமல் போனால் புகைப்படங்களைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். வாரண்டி இருந்தால், நாமே திறப்பது அதைப் பாதிக்குமா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

மிகப் பழைய லேப்டாப் என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்று விட்டன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும் தேவை. ராமும் எஸ்.எஸ்.டி.யும் இந்தக் குறையைத் தீர்க்காது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பதிய நீங்கள் தயார் என்றால் மட்டும் எஸ்.எஸ்.டி.க்குச் செலவு செய்யலாம்.