இறங்கிய பிறகும் ஆடும் கடல்

தஞ்சாவூரிலிருந்து 68 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி காங்கேசன்துறையில் இறங்கி, நல்லூர் கந்தனைத் தரிசித்து, குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு போய் நாகபூசணி அம்மனையும் கும்பிட்டுவிட்டு, ஐந்தாம் நாள் ஊர் திரும்பியிருக்கிறார். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் கல்லூரிப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் பையும் கையுமாகக் கிடக்க, இவர் வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கைச் சாப்பிட்டபடி வந்திருக்கிறார். தொல்லை வீட்டுக்கு வந்த பிறகுதான்.

“படுத்தால் கட்டில் ஆடுகிறது. குளியலறையில் நின்றால் தரை மெல்ல ஏறி இறங்குகிறது. மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போகும்போது மட்டும் சுத்தமாக நின்றுவிடுகிறது. இறங்கினால் மறுபடி ஆரம்பம். ‘இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையாம்மா’ என்கிறான் மகன். இது காதுக் கோளாறா, வயசுக் கோளாறா? அடுத்த மாதம் பிச்சாவரம் போகலாம் என்று தோழிகள் பேசி வைத்திருக்கிறோம். போகலாமா, கூடாதா?”

நான்கு பக்கத்திலும் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்த ஆட்டோ வரிதான். நிலம் நின்றால் உடம்பு ஆடுகிறது, வாகனம் ஆடினால் உடம்பு நிற்கிறது. இதைவிடத் துல்லியமாக ஒருவர் தன் மூளையின் வேலையை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்களைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம், விட்டுவிடலாம். பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிப்போகிற இரண்டு குட்டிப் பைகள் அவற்றின் அடியில் இருக்கின்றன. கப்பலின் ஏற்ற இறக்கத்தை முதலில் அறிவது அவைதான். நாகூர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் தட்டில் ஊற்றி உறையவைக்கும் கடல்பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கற்கண்டைப் பொடித்துத் தூவுங்கள். தட்டின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கான மெல்லிய மயிர்கள் முளைத்து, கடல்பாசிக்குள் நுனியை நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தட்டைச் சாய்த்தால், கற்கண்டின் கனத்தால் கடல்பாசி ஒரு பக்கம் வழுக்கும், மயிர்கள் வளையும். எந்த மயிர் எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்தது என்ற செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகும். காதுக்குள் இருப்பது ஏறக்குறைய இதே அமைப்பு. அங்கே கற்கண்டுக்குப் பதில் கால்சியம் கார்பனேட் படிகங்கள். கிளிஞ்சலும் முட்டையோடும் எதனால் ஆனவையோ அதே பொருள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு.

தட்டைக் கீழே வைத்துவிடாதீர்கள், இன்னும் வேலை இருக்கிறது. அதைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வேகமாக நடந்தால் என்ன ஆகும்? அப்போதும் கடல்பாசி பின்தங்கி வழுக்கும், மயிர்கள் வளையும். சாய்ந்ததால் வளைந்ததா, வேகத்தால் வளைந்ததா என்று மயிருக்குத் தெரியாது. தெரியவே முடியாது. புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் உள்ளேயிருந்து பிரித்தறிய வழியில்லை என்று 1907-ல் ஐன்ஸ்டைன் கண்டுகொண்டு, அதன்மேல் பொதுச் சார்பியலையே கட்டினார். அதே சிக்கலோடுதான் நம் ஒவ்வொருவர் காதும் பிறந்த நாள் முதல் மல்லுக்கட்டுகிறது. காது சொல்லும் ஒரே சேதிக்கு இரண்டு அர்த்தம் இருப்பதால், மூளை கண்ணையும் உள்ளங்காலையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ‘சாய்கிறோம்’, ‘நகர்கிறோம்’ என்று தீர்ப்புச் சொல்கிறது.

மூடிய கப்பல் அறையில் இந்தச் சாட்சிகள் முரண்படுகின்றன. எதிரே உள்ள இருக்கையும் சுவரும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. ஏறி இறங்குகிறோம் என்று காது சொல்கிறது. குமட்டல் இந்த முரண்பாட்டிலிருந்து பிறக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் வயிற்றை அதிகம் புரட்டும் என்று 1970-களில் நடந்த சோதனைகள் காட்டின. கடல் அலை தாராளமாகத் தரும் தாளம் அது.

அந்தப் பையனுக்கு வந்தது இவருக்கு ஏன் வரவில்லை? பயணக் குமட்டல் பத்து வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு வயது கூடக்கூடக் குறைகிறது. 1980-களில் கப்பல்களில் 20,029 பயணிகளிடம் எடுத்த கணக்கெடுப்பிலும் வயதோடு சற்றுக் குறைவதே தெரிந்தது. பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம், காதின் கூர்மை மங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு உட்காதும் முழுக்கச் செயலிழந்தவர்களுக்குக் கடும் புயலிலும் குமட்டல் வருவதில்லை. கடலுக்குப் போகலாமா என்ற கேள்வியில் வயிற்றைப் பொறுத்தவரை முதியவர்கள் பேரப்பிள்ளைகளைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். சுற்றுலா விளம்பரங்களில் இந்தச் சேதியை நான் பார்த்ததில்லை.

இனி கட்டில். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சுமார் 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் கப்பல் ஆடுகிறது. முதல் அரைமணி நேரம் மூளை ஒவ்வொரு அலைக்கும் திடுக்கிட்டுத் தசைகளை இழுத்துப் பிடிக்கிறது. போகப் போக அலையின் தாளம் பிடிபடுகிறது. அலை வந்த பிறகு ஈடுகொடுப்பதை விட்டு, வரப்போவதை முன்கூட்டியே கணித்து, கப்பல் சாய்வதற்குள் உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்துவிடுகிறது. சிறுமூளைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அதன் பிறகுதான் ஒருவரால் கப்பலின் நடைபாதையில் கைப்பிடி இல்லாமல் போய்வர முடிகிறது. 68 வயதில் நான்கு மணி நேரத்துக்குள் இந்த அம்மாளின் மூளை ஒரு புதுத் தாளத்தைக் கற்று, அதற்கு எதிர்த்தாளமும் போட்டிருக்கிறது. இந்த வயதில் மூளை புதிதாக என்ன கற்றுவிடும் என்று கேட்கும் மகனுக்கு இதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

கச்சேரி முடிந்து பஸ் ஏறிய பிறகும் தொடையில் தாளம் போடும் கைபோல, கரையேறிய மூளை அந்த எதிர்த்தாளத்தை உடனே நிறுத்துவதில்லை. இல்லாத அலைக்கு ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஈடுகட்ட அலை இல்லாததால் அந்த ஈடே அசைவாக உணரப்படுகிறது. ஆட்டோவில் ஏறினால் நிஜமாகவே அசைவு கிடைக்கிறது. மூளை எதிர்பார்ப்பதும் உடம்பு உணர்வதும் மறுபடி ஒத்துப்போகின்றன. தலைசுற்றல்களில் பெரும்பாலானவை வண்டியில் ஏறினால் மோசமாகும். வண்டியில் ஏறினால் குறைகிற இந்த அபூர்வக் குணமே, இது கடல் விட்டுச்சென்ற தடம் என்று காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தானாக மறைந்துவிடும். மிகச் சிலருக்கு மாதக் கணக்கில் நீடிப்பதுண்டு. ஒரு மாதம் தாண்டினால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுழலும் கோடுகளைப் பார்க்கவைத்தபடி தலையைப் பக்கவாட்டில் அசைத்து மூளையை மறுபடி பழக்கும் சிகிச்சையை நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டார்கள்.

வரலாறு ஒரு பத்தி. கடலில் இருந்து வந்தவர்களுக்கு அறையும் மேசை நாற்காலியும் ஆடுவதுபோலத் தோன்றும் என்று 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே எராஸ்மஸ் டார்வின் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்தார். அவருடைய பேரன் சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் போய், பயணம் நெடுகக் குமட்டலால் அவதிப்பட்டார். காதுக்குள் வெந்நீரும் தண்ணீரும் விட்டுக் கண்ணசைவைக் கவனித்து இந்த உறுப்பின் வேலையைத் தெளிவாக்கிய ராபர்ட் பாரனிக்கு 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. சேதி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

வாசகி பயப்பட வேண்டிய இன்னொரு தலைசுற்றல் இருக்கிறது. அதற்கு அந்தக் கடல்பாசித் தட்டுக்குத் திரும்ப வேண்டும். வருடங்கள் போகப் போகக் கற்கண்டு பொரிந்து உதிர்கிறது. உதிர்ந்த துகள் பக்கத்துச் சாக்கடைக் குழாயில், அதாவது அரைவட்டக் குழாயில் விழுந்துவிட்டால், படுக்கையில் புரளும்போதோ பரணைப் பார்க்கத் தலையை அண்ணாக்கும்போதோ அறையே கரகரவென்று சுழலும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். மாத்திரைக்கு இது மசியாது. குழாயில் விழுந்த கற்கண்டை எடுக்க வீட்டையே தூக்கிக் கவிழ்த்து உருட்ட முடிந்தால் எப்படி இருக்கும்? வீட்டை முடியாது, தலையை முடியும். நோயாளியைப் படுக்கவைத்து, தலையைக் கணக்காகப் பல கோணங்களில் திருப்பித் துகளைப் பழைய பைக்கே உருட்டிவிடும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1980 வாக்கில் செய்துகாட்டினார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரை நம்பவில்லை. இன்று அதுதான் முதல் சிகிச்சை, சில நிமிட வேலை. பேச்சுக் குழறல், முகம் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, இவற்றோடு தலை சுற்றினால் கதையே வேறு. அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வயதானால் சாட்சிகள் மூவரும் தளர்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்பாஞ்ச் மெத்தைமேல் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் கண்ணும் உள்ளங்காலும் கைவிட்டுக் காது மட்டும் மிஞ்சும். அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த கணக்கெடுப்பில், 40 வயதைத் தாண்டியவர்களில் 35 சதவீதம் பேரால் இந்தச் சோதனையில் நிற்க முடியவில்லை. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் சுவரைப் பிடிக்கிற பாட்டிக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு உள்ளங்காலின் சாட்சியும் போய்விடுகிறது. மாலை மங்கலில் கண்ணும் பாதிச் சாட்சிதான்.

இந்த இடத்தில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். மணிக்கட்டில் காந்தப் பட்டை, சமநிலைக்கான மாத்திரை, ‘மூளையை இளமையாக்கும்’ மூத்தோர் கப்பல் சுற்றுலா. ஒருநாள் படகுப் பயணம் மூளையை இளமையாக்காது. கப்பலில் கற்ற தாளம் இரண்டு நாளில் கலைந்துவிடுகிறது என்பதே அதற்கு அத்தாட்சி. நிலைப்பது திரும்பத் திரும்பச் செய்வது மட்டும். 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்கள் உடற்பயிற்சி செய்தால் கீழே விழுவது 23 சதவீதம் குறைகிறது. சமநிலைப் பயிற்சிகள் அதில் முக்கியமானவை. சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பதற்கு யாரும் டிக்கெட் விற்க முடியாது. அதனால் விளம்பரமும் இல்லை.

குமட்டல் மாத்திரையிலும் கவனம் வேண்டும். பயண மருந்துகளில் ஒன்றான ஸ்கோபலமைன் நம் ஊர் ஊமத்தையில் இருக்கும் அதே பொருள். முதியவர்களுக்கு அது மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். மற்ற மாத்திரைகள் பலவும் தூக்கத்தைத் தருபவை. தூக்கக் கலக்கத்தோடு படகிலிருந்து இறங்குவதுதான் எனக்குக் கவலை.

ஏனென்றால் ஆபத்து தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது அதிகம் இல்லை. பிச்சாவரத்தில் ஒருமுறை படகுத்துறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். சுரபுன்னைக் காட்டுக்குள் போய்வந்த துடுப்புப் படகு மேடையில் தட்டியதும், வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஒரு பெரியவர் எழுந்தார். ஒரு கால் மேடையில், ஒரு கால் படகில். படகு மெல்ல விலகத் தொடங்கியது. படகோட்டி கத்தவில்லை. துடுப்பைக் கிடைமட்டமாகப் போட்டுவிட்டு, குனிந்து, தன் தோளைக் காட்டினார். “கையைப் பிடிக்காதீங்கய்யா, தோள்ல கை வைங்க. காலைப் பாக்காதீங்க, அந்த மரத்தைப் பாருங்க.” கையைப் பிடித்தால் இருவரும் சேர்ந்து ஆடுவார்கள், தோள் ஆடாது. தூரத்து மரம் கண்ணுக்கு நிலையான சாட்சி. பெரியவர் உட்காதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பத்திரமாக மேடை ஏறினார்.

அம்மா, தாராளமாகப் போய்வாருங்கள். மாலைக் கடைசிப் படகு வேண்டாம், வெளிச்சம் இருக்கும்போதே காலைப் படகில் போங்கள். வழுக்காத செருப்பு போடுங்கள், லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், படகின் நடுப்பலகையில் உட்காருங்கள். சுரபுன்னை வேர்களுக்கு அடியில் தண்ணீர் ஆடாது, அன்று இரவு கட்டிலும் அநேகமாக ஆடாது. திரும்பி வந்து படகு மேடையில் முட்டியதும் உடனே எழுந்துவிடாதீர்கள். கயிறு கட்டி முடிக்கட்டும். மனதுக்குள் இருபது எண்ணிவிட்டு, படகோட்டியின் தோளைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.