தோட்டத்து வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு?

மழை அறிவிப்பு, மஞ்சள் விலை, பட்டா நகல், பயிர்க் காப்பீடு என்று விவசாயியின் காரியங்களில் பாதி இன்று இணையத்தின் வழியே நடக்கின்றன. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில்தான். கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யச் சில நாட்களே அவகாசம். அந்த நேரம் பார்த்து வீட்டு இணைப்பு படுத்துவிட்டால், பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு ஓட வேண்டியதுதான்.

மாதம் 400, 500 ரூபாய் கொடுத்து இணைப்பு எடுக்கும் சிறு விவசாயி முதலில் பார்க்க வேண்டியது விளம்பரத்தில் உள்ள வேகத்தை அல்ல. கூடவே இலவசமாகத் தரும் சினிமாவையும் அல்ல. வீடு எங்கே இருக்கிறது, இணைப்பு அறுந்தால் யார் வந்து சரி செய்வார் என்ற இரண்டைத்தான்.

தஞ்சைப் பகுதியில் வீடுகள் தெருவாக அமைந்திருக்கும். ஒரு தெருவுக்குக் கேபிள் வந்தால் நாற்பது வீட்டுக்கும் வந்த மாதிரி. கொங்குப் பகுதியில் அப்படி இல்லை. அவரவர் தோட்டத்திலேயே சாளை கட்டிக் குடியிருக்கிறார்கள். ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒற்றை வீடு. ஊருக்குள் இருப்பவருக்கு நல்லதாக அமைந்த இணைப்பு, தோட்டத்தில் இருப்பவருக்கு அப்படியே அமையும் என்று சொல்ல முடியாது.

“பஞ்சாயத்து ஆபீசுக்கே லைன் வந்துவிட்டதே” என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டு செல்லப் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது உண்மை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் போதுமா? வயலுக்கு மடை வேண்டாமா? ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடு வரை இழுப்பது பி.எஸ்.என்.எல். சார்பில் வேலை செய்பவராகவோ, உள்ளூர்க் கேபிள்காரராகவோ இருப்பார். அவர் யார் என்று விசாரிப்பதுதான் முதல் வேலை.

<b>கேபிள் வருமானால்</b>

கண்ணாடி இழைக் கேபிள் வீடு வரை வருமானால் வேறு யோசனை வேண்டாம், அதுவே மேல். மழைக்கும் மேகத்துக்கும் அதன் வேகம் குறையாது. இழையில் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். ஆகவே இடி மின்னல் அந்த இழை வழியாக வீட்டுக்குள் வராது. பழைய டெலிபோன் செம்புக் கம்பி இணைப்பு அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட அதன் வேகம் குறைந்துகொண்டே போகும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் பெயருக்குத்தான் இணைப்பு.

கேபிளுக்கு எதிரி வானத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. தென்னை மட்டை விழுந்தால் அறும். கரும்பு ஏற்றிய லாரி, வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் தடத்தில் போனால் தாழத் தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டே போய்விடும். அணிலும் எலியும் கடிக்கும். ஜே.சி.பி. வைத்து வரப்பு எடுக்கும்போது புதைத்த கேபிள் துண்டாகும். இதற்கெல்லாம் விவசாயி பயப்பட வேண்டியதில்லை. முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். எந்தக் கம்பம் வழியாக வருகிறது, இலவசமாக எத்தனை மீட்டர், அதற்கு மேல் மீட்டருக்கு என்ன விலை, அடுத்தவர் தோட்டத்தின் மேல் போனால் அவர் சம்மதித்தாரா என்று கேட்பது நல்லது. தடத்தைக் கடக்கும் இடத்தில் வண்டிப் பாரத்துக்கு மேல் நிற்கும்படி உயரமாகக் கட்டச் சொல்ல வேண்டும். அறுந்த இழையை முடிச்சுப் போட்டு ஒட்ட முடியாது. அதற்கென உள்ள கருவியோடு ஆள் வந்தாக வேண்டும். அந்த ஆள் பக்கத்து ஊரில் இருக்கிறாரா, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதே ஆளிடம் இணைப்பு வாங்கிய இரண்டு மூன்று வீட்டாரைக் கண்டு, போன ஐப்பசி கார்த்திகை மழையில் எத்தனை நாள் இணைப்பு இல்லாமல் இருந்தது என்று கேட்க வேண்டும். விதை வாங்குமுன் பக்கத்துக் காட்டில் விளைச்சலைப் பார்ப்பதில்லையா?

<b>கேபிள் வராவிட்டால்</b>

கூரைமேல் ஒரு பெட்டியை வைத்துக் கோபுரத்திலிருந்து காற்று வழியாக இணைப்புத் தருவது அடுத்த வகை. 2023-இல் ஏர்டெல், ஜியோ இரண்டும் இதை ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் தொடங்கின. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது கேபிள் அல்ல, ரேடியோ அலை. பி.எஸ்.என்.எல்.லிலும் பாரத் ஏர்ஃபைபர் என்று உண்டு. அதற்குக் கோபுரமும் கூரையும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

இங்கேதான் தோட்டக்காரர்கள் ஏமாறுகிறார்கள். வெயில் காலத்தில் பொருத்தும்போது நன்றாக எடுக்கும். மழையில் தென்னந்தோப்பு நனைந்தவுடன் வேகம் விழும். ஈர இலை அலையைக் குடித்துவிடும். இன்னும் ஒன்று. இடையில் உள்ள நிலத்தில் பக்கத்துக்காரர் சவுக்கு நட்டிருந்தால் இன்று அது இடுப்பளவுதான். மூன்றே வருஷத்தில் கூரைக்கு மேல் நிற்கும். ஆகவே கோபுரம் இருக்கும் திசையில் என்ன பயிர், என்ன கன்று என்று கூரையில் ஏறிப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். இரும்புக் குழாய் நட்டுப் பெட்டியை உயர்த்தலாம். உயர்த்தினால் மின்னல் பயமும் உயரும். கூரையிலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பியையும் மின் பிளக்கையும் இடி தொடங்குமுன்பே கழற்றி வைப்பது நலம்.

பணம் கட்டுமுன் கைபேசியிலேயே சோதிக்கலாம். அந்தக் கம்பெனி சிம் உள்ள உறவினரை வரவழைத்து, கூரைமேல் நின்று, இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணிக்குள் பார்க்க வேண்டும். ஊரே படம் பார்க்கும் நேரம் அது. கோபுரம் எல்லாருக்கும் பொது. காலை ஆறு மணிக்குக் கிடைக்கும் வேகத்தை நம்பக்கூடாது. இந்தச் சோதனைக்கு டிராய் அமைப்பின் மைஸ்பீடு செயலி இருக்கிறது.

இரண்டும் சரிப்படாவிட்டால் கைபேசி ஹாட்ஸ்பாட்தான். தினசரி அளவு தீர்ந்ததும் பெரும்பாலான திட்டங்களில் வேகம் ஊர்ந்து போகும் என்பதை மறக்க வேண்டாம். விண்கோள் இணைப்புக்கு ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025 ஜூனில் இந்திய உரிமம் பெற்றது. சிறு விவசாயி அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. பம்புசெட் ஸ்டார்ட்டரில் உள்ள சிம் தனி. கிணற்றடி வரை வீட்டு வைஃபை எட்டாது. வீட்டுக்கு இணைப்பு வந்துவிட்டது என்று அதை எடுத்துவிடக் கூடாது.

<b>பணம்</b>

கிணற்றில் ஊற்று இல்லாமல் பத்துக் குதிரைத் திறன் மோட்டார் வைத்துப் பயன் இல்லை. வேகமும் அப்படியே. ஒரு குடும்பத்துக்கு 30, 40 மெகாபிட் தாராளம். அது விடாமல் வர வேண்டும், அவ்வளவுதான். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 40 மெகாபிட் என்றால் விநாடிக்கு 5 மெகாபைட். விளம்பரத்தில் 399 ரூபாய் என்று இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துக் கையிலிருந்து போவது 471 ரூபாய்.

ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பொருத்தும் கூலி இலவசம் என்பார்கள். கரும்புப் பணம் கையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள்! முதலில் ஒரு மாதம், முடிந்தால் மழை மாதம் ஒன்று, பார்த்துவிட்டுக் கட்டுவதே சிக்கனம். பெட்டி யாருடையது, வேண்டாமென்றால் டெபாசிட் திரும்ப வருமா என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

கரண்ட் போனால் பெட்டியும் அணையும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அதற்கான சிறிய யூ.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. ஸ்பிரேயர் பேட்டரியை நேரே மாட்டுவோர் உண்டு. பிளஸ், மைனஸ் மாறினால் பெட்டி போயிற்று.

இணைப்பு நின்றால் லைன்மேனுக்குப் போன் செய்வதோடு விட்டுவிடாமல், கம்பெனியின் புகார் எண்ணுக்கும் பேசிப் பதிவு எண் வாங்கிக் குறித்து வைக்க வேண்டும். தீராவிட்டால் அந்தப் பதிவு எண்ணைக் காட்டி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. டிராய்க்கு நேரே எழுதிப் பயன் இல்லை. தனி ஆள் புகாரை அது விசாரிப்பதில்லை.