ஒரு சொட்டும் சிந்தாமல்

பெட்ரோல் தீரப்போவதைப் புல் வெட்டும் மெஷினே சொல்லிவிடும். அதுவரை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்த இன்ஜின் சட்டென்று குரலை உயர்த்தும், இரண்டு தடவை திணறும், அடங்கிவிடும். அந்த நிமிடம் மெஷினைத் தோளில் மாட்டியிருக்கும் தம்பி என்ன செய்கிறான் என்றுதான் நான் பார்ப்பேன். கேனை எடுக்க லாரிக்கு ஓடினால் அவன் வேலைக்குப் புதுசு. மெஷினை நிழலில் இறக்கிவைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலைத் தேடினால் அவன் தொழில் கற்றவன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நான் சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகளைச் சுற்றியுள்ள புல்தரை, சாலையோரம், கால்வாய்க் கரை என்று வெட்டாத இடம் குறைவு. இப்போது பத்துப் பேருக்கு சூப்பர்வைசர். 1967இல் இந்த ஊரைத் தோட்ட நகரமாக்குவோம் என்று லீ குவான் இயூ அறிவித்தார். அந்தப் பச்சையை வருடம் முழுக்க மழையும் வெயிலும் வளர்க்கின்றன. அதை அளவோடு வைத்திருப்பது எங்கள் வேலை. அந்த வேலையில் யாரும் பெரிதாக நினைக்காத ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன்: மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றுவது.

வலது முன்கையில், முழங்கைக்குக் கீழே, எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. வந்த முதல் வருடத்தில் பட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அந்த இடத்தை முடிக்கச் சொல்லி போனுக்கு மேல் போன். பெட்ரோலை மினரல் வாட்டர் பாட்டிலில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மெஷின் நின்றதும் அதே சூட்டில் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று சத்தம், உள்ளே இருந்த மிச்சப் பெட்ரோல் சட்டையில் தெறித்தது. அதைக்கூடக் கவனிக்காமல் பாட்டிலைச் சாய்த்தேன். பாதி டாங்கியில், பாதி சைலன்சரில். பக்கென்று பிடித்துக்கொண்டது. மன்னார்குடிக்காரரான ஒரு பெரியவர் ஈரச் சாக்கை என் கைமேல் போட்டு அமுக்கினார். எல்லாம் அடங்கிய பிறகு அவர் திட்டவில்லை. "ஏன்டா தம்பி, பத்து நிமிஷம் உனக்கு அவ்வளவு பெரிசா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்ன பத்து நிமிடத்துக்குக் காரணம் உண்டு. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. நம் ஊர் 32 டிகிரி வெயிலில் மூடியைத் திறந்த கணமே ஆவி எழும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். நாலு அடி தள்ளி நின்று ஒருவர் சிகரெட் பற்றவைத்தால், தீ அங்கிருந்து திரும்பி வரும். நெருப்பே வேண்டாம், ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பு பட்டாலே அது பற்றிக்கொள்ளக்கூடும். ஓடி நின்ற இன்ஜினின் சைலன்சர் அந்தச் சூட்டைத் தாண்டியிருக்கும். டாங்கிக்குள்ளும் சூட்டில் ஆவி அழுத்தம் ஏறியிருக்கும். என் மூடி புஸ்ஸென்றது அதனால்தான்.

அதனால் எங்கள் குழுவில் பெட்ரோல் நேரமும் டீ நேரமும் ஒன்று. மெஷின் ஆறும்வரை ஆளும் ஆறட்டும்.

ஆறிய பிறகு செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. புதுத் தம்பிகளுக்குக் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறேன். மெஷினை மேடு பள்ளமில்லாத தரையில், டாங்கி மூடி மேலே பார்க்கும்படி படுக்கவைக்க வேண்டும். மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் புல்லையும் மண்ணையும் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் தூசி உள்ளே போனால் கார்புரேட்டர் அடைக்கும். மூடியைக் கால் திருகு திருகி நிறுத்து. காதைக் கொடு. சீறல் ஓய்ந்த பிறகு முழுக்கத் திற. கேனைப் பிடிக்க ஒரு கை, புனலைப் பிடிக்க ஒரு கை. பேசிக்கொண்டே ஊற்றாதே. கழுத்துக்கு ஒரு விரல் கீழே இருக்கும்போதே நிறுத்திவிடு. புனலில் தொங்கும் கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் அதை வெளியே எடுக்க வேண்டும், எடுத்ததும் துணி. மூடியை இறுக்கு, கேனையும் மூடு. பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்.

ஒரு விரல் இடம் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 5 லிட்டர் கேன் லாரித் தளத்து வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 100 மில்லி கூடிவிடும். ஒரு கிளாஸ் டீ அளவு. விளிம்புவரை நிரப்பிய கேனில் அந்த ஒரு கிளாஸ் எங்கே போகும்? மூடி வழியாகக் கசிந்து, நாம் உட்காரும் பலகைக்கடியில் ஓடும்.

கலவை விஷயமும் இதில் சேர்ந்ததுதான். எங்கள் டூ ஸ்ட்ரோக் மெஷின்களுக்குப் பெட்ரோலோடு டூடி ஆயில் கலக்க வேண்டும். மெஷினைப் பொறுத்து ஐம்பதுக்கு ஒன்று, அல்லது இருபத்தைந்துக்கு ஒன்று. 5 லிட்டருக்கு முதல் கணக்கில் 100 மில்லி, இரண்டாவதில் 200. வேலை நடக்கும் இடத்தில் குத்துமதிப்பாகக் கலந்தால் சிந்தவும் செய்யும், இன்ஜினும் கெடும். காலையில் ஸ்டோரிலேயே அளந்து, அதற்கென்று உள்ள கேனில் கலந்து, குலுக்கிக் கொண்டுவர வேண்டும். கேனை நிரப்பும்போது அது தரையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் விரித்த லாரித் தளத்தில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறி தட்டலாம். தண்ணீர் பாட்டிலில் மட்டும் பெட்ரோலை ஊற்றவே கூடாது. தாகத்தில் வருகிறவன் பாட்டிலைத்தான் பார்ப்பான், நிறத்தைப் பார்க்க மாட்டான்.

சட்டையில் கொட்டிவிட்டால் வெட்கப்படாமல் அங்கேயே கழற்றி மாற்று. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே. பெட்ரோல் தண்ணீரில் மிதந்துகொண்டே பரவும். தீயணைப்பு பவுடர், இல்லாவிட்டால் மணல். கைமீறினால் தள்ளி நின்று 995க்குப் போன் செய்.

இவ்வளவும் நம் உடம்புக்காகச் சொன்னது. ஊருக்காகச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

தேக்காவில் எம்ஆர்டி பக்கத்தில் ரோச்சோர் கால்வாய் ஓடுகிறதே, அது எங்கே போகிறது? அந்தக் காலத்தில் இந்தத் தண்ணீரையும் இங்கே விளைந்த புல்லையும் நம்பித்தான் மாட்டுத் தொழுவங்கள் வந்தன. எருமை ரோடும், மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் அதன் மிச்சம். இன்று அந்தக் கால்வாய் காலாங் படுகைக்குப் போய் மெரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008இல் மெரினா அணைக்கட்டைத் திறந்தார்கள். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டர். தீவில் ஆறில் ஒரு பங்கு. சிங்கப்பூர் முழுக்கப் பார்த்தால் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை குடிநீருக்காகப் பிடிக்கப்படுகிறது. நாங்கள் லோங்காங் என்று சொல்லித் தாண்டிப்போகும் சாக்கடை, சாக்கடையே அல்ல. கழிவுநீருக்கு வேறு குழாய் இருக்கிறது. லோங்காங்கில் ஓடுவது குடிக்கப்போகும் மழைத்தண்ணீர்.

கால்வாய் ஓரம் நூறு மில்லி சிந்தினால் பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றைக் கெடுக்கும். டூடி ஆயில் புல்லில் தங்கும். மறுவாரம் போய்ப் பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் தட்டு அளவுக்கு வட்டமாகப் புல் கருகியிருக்கும். மழை வந்தால் மிச்சம் வானவில் நிறத்தில் லோங்காங்கில் இறங்கும். பொதுப் பயனீட்டுக் கழகம் சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறது. ஆனாலும் அசுத்தம் நம் கையால் போக வேண்டுமா?

கை மட்டும் போதாது, கேனும் உதவ வேண்டும். அமெரிக்காவில் கேன் செய்பவர்களுக்கு 2009இல் புது விதி வந்தது. ஆவி கசியாத, ஊற்றி முடித்ததும் தானே மூடிக்கொள்ளும் மூக்குள்ள கேன்கள் பரவின. அப்படி ஒரு நல்ல கேனையும் புனலையும் வாங்கித் தருவது முதலாளிமாருக்குப் பெரிய செலவல்ல. 2006இல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஆளைக் காக்கும் பொறுப்பை முதலாளிமீதும் வைக்கிறது. கேனோடு பத்து நிமிடத்தையும் அவர்கள் தர வேண்டும். அவசரப்படுத்திவிட்டுக் கவனமாக இரு என்று சொல்வதில் பயனில்லை.

அறந்தாங்கியிலிருந்து ஒரு தம்பி எங்களோடு சேர்ந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்ப அவனைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனேன். கால்வாய்ப் பாலத்தில் நின்று, "அண்ணே, இந்தத் தண்ணி கடலுக்கா போகுது?" என்று கேட்டான். "இல்லப்பா, சுத்தம் பண்ணி நம்ம குழாய்க்குத்தான் வருது" என்றேன். குனிந்து கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் மெஷின் குரலை உயர்த்தித் திணறி நின்றது. நாலடியில் லோங்காங். அதைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். மெஷினையும் கேனையும் தூக்கிக்கொண்டு புல்தரையைக் கடந்து மறுபக்கம் போய், மரத்தடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். மணி பார்த்தேன். அவன் மூடியில் கை வைத்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.