கழுத்தில் தடம் இல்லாவிட்டாலும்

தொண்டை கட்டியிருக்கிறது, எச்சில் விழுங்கினால் வலிக்கிறது என்று ஓ.பி. சீட்டோடு ஒரு பெண் வருகிறார். சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவது சுலபம். கூட வந்த கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, "யாராச்சும் கழுத்தப் பிடிச்சாங்களாம்மா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அதுவும், "கோபத்துல லேசாப் பிடிச்சுட்டார்" என்று போகிற போக்கில்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான 18–49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். அந்த வன்முறையில் இந்த 'லேசாப் பிடிச்சது' தனி ரகம்.

மூச்சுக்கு முன்னே ரத்தம்

மூச்சுக்குழாயை அடைக்கத் தேவையானதைவிடக் குறைந்த அழுத்தமே கழுத்து ரத்தக்குழாய்களை அடைக்கப் போதும். 10 விநாடிக்குள் நினைவு தப்பலாம். "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, புடவை நனைஞ்சுபோச்சு" என்பார்கள். தன்னையறியாமல் சிறுநீர் போனது மூளைக்கு ரத்தம் நின்றதன் அடையாளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் சான்டியாகோவில் கழுத்தை நெரித்த 300 வழக்குகளை ஆராய்ந்தபோது, பாதிப் பேரின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் தடமே இல்லை. நம் நிறத்தில் கன்றியது இன்னும் குறைவாகவே தெரியும். ஆனால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம்.

ஒத்தடம் போதாது

குரல் கம்மல், விழுங்கச் சிரமம், மூச்சுத்திணறல், நினைவு தப்பியது, வாய் கோணல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். கர்ப்பிணியானால் வயிற்றுக் குழந்தையையும் பரிசோதிக்க வேண்டும்.

அனுசரித்துப் போகச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பின்னால் அந்தப் பெண்ணைக் கொல்லும் அபாயம் சுமார் 7 மடங்கு அதிகம் என்கிறது 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அடுத்த முறை வரை பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

ஏ.ஆர். பதிவு

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) 'வழுக்கி விழுந்தேன்' என்று பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நடந்ததை நடந்தபடி சொல்லி, கழுத்தை நெரித்ததாகவே அதில் எழுதச் சொல்லுங்கள். மகளிர் உதவி எண் 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டரில் தற்காலிகமாகத் தங்க இடமும் சட்ட உதவியும் உண்டு. கணவர் போனை எடுத்துப் பார்ப்பவரானால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசுங்கள்.