நோட்டீஸில் வராத கணக்கு

குமாரபாளையத்தில் வாரக்கூலி வாங்கும்போது தறி ஓட்டுபவர் நோட்டைத் திறந்து மீட்டர் கணக்கு பார்க்காமல் விடமாட்டார். முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதே ஊரில், எம்.எல்.ஏ. செய்த வேலைகள் என்று நோட்டீஸோ வாட்ஸ்அப் படமோ வந்தால் மட்டும் யாரும் கணக்கு கேட்பதில்லை.

அப்படி ஒரு நோட்டீஸ் தர வேண்டும் என்று எம்.எல்.ஏ.வைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் கிடையாது. திருப்பி அழைக்கும் உரிமையும் நமக்கு இல்லை. அவை அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி காலியானதாக அவை அறிவிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 190-ஆவது பிரிவு. அதுவும் அவையின் விருப்பம். வாக்காளருக்கு அதில் வேலையில்லை. ஆகவே ஆளைக் கேட்பதைவிடக் கோப்பைக் கேட்பதே நல்லது.

தொகுதி மறுவரையறைக்குப் பிறகு குமாரபாளையம் தொகுதி சந்தித்த முதல் மூன்று தேர்தல்களிலும் (2011, 2016, 2021) வென்றவர் பி.தங்கமணி. 2016 முதல் 2021 வரை மின்துறை அமைச்சர், அதன்பின் எதிர்க்கட்சி வரிசை. அமைச்சருக்கு இருக்கும் கை நீளம் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு இருக்காது. நியாயமாகவே இதை மனதில் வைக்க வேண்டும். ஆனால் தொகுதி மேம்பாட்டு நிதி கட்சி பார்த்து வருவதில்லை. 234 தொகுதிக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்தான். 2022 ஆகஸ்டில் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் தரச் சொல்லி முதலமைச்சர் கடிதம் எழுதியதும் எல்லா உறுப்பினர்களுக்கும்தான். உங்கள் தெரு அந்தப் பத்தில் இருந்ததா? பட்டியல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஆவணம், கேட்டு வாங்கலாம்.

மேம்பாட்டு நிதியில் ஒரு ரூபாய்கூட எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார், நகராட்சியோ ஒன்றியமோ வேலையைச் செய்யும். ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் உண்டு. நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, அந்தக் காகிதங்களைக் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று: தகவல் உரிமைச் சட்டம் காகிதத்தோடு நிற்பதில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட கான்கிரீட்டில் சான்றளித்த மாதிரி கேட்கவும் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது. கட்டிய மறு மாதமே சாக்கடை பெயர்ந்துபோன தெருக்காரர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

நோட்டீஸில் நிழற்குடையும் விளக்குக் கம்பமும் வரும். சாயத்தண்ணீர் காவிரியில் கலப்பது வருமா? பள்ளிபாளையத்துப் பக்கம் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகத்தைத் தரகர்கள் விலை பேசியது 2025-இல் வெளியே வந்து, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. இவற்றைப் பற்றிச் சபையில் யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பதுதான் பஸ் ஸ்டாப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவை நடவடிக்கைகள் அச்சில் இருக்கின்றன. அமைச்சர் அங்கே கொடுத்த வாக்கைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் மனுவுக்கு மனுக்கள் குழு. இந்தக் குழுக்கள் மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதும் உண்டு. அந்தச் செய்தியைப் பார்த்தால் தேதியைக் குறித்து வையுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் ஒன்று. எம்.எல்.ஏ. லெட்டர்பேடு வெறும் பரிந்துரைதான். வேலைக்கோ பட்டாவுக்கோ அது உத்தரவு ஆகாது. 'லெட்டர் வாங்கித் தர்றேன்' என்று காசு கேட்பவர், உறுப்பினர் படத்தைப் போட்டு ஆதார் நகலும் ஓடிபியும் கேட்கும் எண், இரண்டுக்கும் எதுவும் தர வேண்டாம். காசு கேட்டவர் அரசு ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத்துறை. ஆன்லைனில் பணம் போய்விட்டால் அப்போதே 1930 எண்ணை அழையுங்கள்.

மனு எழுதும்போது ஒரு சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: 'ஏன்'. 'எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை' என்றால் விளக்கம் தர வேண்டியதில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். 'இந்தத் தெரு ரோட்டுக்கு எந்தத் தேதியில் பரிந்துரை வந்தது, நிர்வாக அனுமதி ஆணையின் நகல் தருக' என்று எழுதினால் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.