மில் நெட்வொர்க்குக்குக் காவல்: வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாக வேலைக்கான இணைய வலையமைப்பிலிருந்த ஒரு கணினிக்குள் தீம்பொருள் புகுந்திருந்தது. அதை இந்திய அணுமின் கழகத்துக்கு 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன். அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாள் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது.

அணுமின் நிலையத்துக்குச் சொல்ல செர்ட்-இன் இருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலைக்கு யார் வந்து சொல்வார்கள்?

மானம் பார்த்த இந்தப் பூமியில் மில்லும் தறியும் கடைகண்ணியும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவை எல்லாமே இன்று ஏதோ ஒரு ஒயரில் கட்டுண்டு கிடக்கின்றன. கணக்கு டாலியில் இருக்கிறது. இ-வே பில் போடாமல் நூல் லாரி கிளம்ப முடியாது. வருகைப் பதிவுக்குக் கைரேகைக் கருவி, வாசலில் சி.சி.டி.வி., கூரையில் சோலார் இன்வெர்ட்டர். இத்தனை கருவிகளில் எது உயிரோடு இருக்கிறது, எது யாரோடு பேசுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் வேலை.

விற்க வருகிறவர்கள் வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டுவார்கள். கேட்க வேண்டியது வேறு. முதலில், காசு எதை எண்ணி வாங்கப்படுகிறது? ஜெர்மனியின் பெஸ்லர் நிறுவனம் தரும் பி.ஆர்.டி.ஜி. ‘சென்சார்’ கணக்கில் எண்ணுகிறது. ஒரு சுவிட்ச்சின் ஒரு போர்ட்டில் ஓடும் தரவை அளந்தால் அது ஒரு சென்சார். நூறு வரை இலவசம் என்றாலும், ஒரு கருவிக்கே ஐந்து முதல் பத்து வரை செலவாகிவிடும். தமிழ்நாட்டின் ஸோஹோ நிறுவனம் மேனேஜ்என்ஜின் என்ற பெயரில் தரும் ஆப்மேனேஜர் கருவிகளை எண்ணுகிறது. அதன் இலவசப் பதிப்பு மூன்று கருவிகளோடு நின்றுவிடும். லாட்வியாவில் பிறந்த ஸாபிக்ஸ், 1999-இல் தொடங்கிய நாகியோஸின் ‘கோர்’ பதிப்பு இரண்டும் திறந்த மூலம். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை மட்டும் வருகிறவர் என்றால், இலவச மென்பொருள்தான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும். பத்துப் பதினைந்து கருவி உள்ள சிறு ஆலைக்கு, விண்டோஸ் கணினியிலேயே நிறுவக்கூடிய பி.ஆர்.டி.ஜி.யின் இலவசப் பதிப்போ, தமிழிலேயே பேசி உதவி கேட்க வாய்ப்புள்ள ஆப்மேனேஜரோ நடைமுறைக்கு ஒத்துவரும். எதை வாங்கினாலும் நைட் ஷிப்டில் அலாரம் வந்தால் யார் கைபேசிக்கு வரும், அவர் யாரைக் கூப்பிடுவார் என்பதை அன்றே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இந்தக் காவல் எதற்கு என்பதற்கு 2016 சான்று. மிராய் என்ற தீம்பொருள், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் உலகெங்கும் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளின் படை, இணையதளங்களின் முகவரியைக் காட்டித்தரும் அமெரிக்காவின் டின் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின. வாசல் கேமரா ராத்திரியில் காரணமில்லாமல் வெளியே தரவைக் கொட்டுகிறது என்றால், கண்காணிப்பு உள்ள இடத்தில் அது காலைக்குள் தெரிந்துவிடும்.

காவல்காரனே வழிவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் விற்ற ஓரியன் கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஊடுருவிகள் தங்கள் நிரலை நுழைத்தனர். 2020 டிசம்பரில் அது வெளிப்பட்டபோது, ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களை அந்த அப்டேட் எட்டியிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. கண்காணிப்பு மென்பொருள் எல்லாக் கருவியின் கடவுச்சொல்லையும் கையில் வைத்திருக்கிறது. அதனால்தான் அதைக் குறிவைக்கிறார்கள். அது இயங்கும் கணினியில் வேறு வேலை பார்க்கக் கூடாது. அதன் பக்கத்தை இணையத்தில் திறந்துவைக்கவும் கூடாது. கருவிகளோடு அது பேசும் எஸ்.என்.எம்.பி. முறையின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகும். பல கருவிகளில் அது ‘பப்ளிக்’ என்ற சொல்லாகவே விடப்பட்டிருக்கும். மூன்றாம் பதிப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் சிறிய ஆலையையும் விடவில்லை. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசம் அந்த ஆண்டு செப்டம்பர் 25-உடன் முடிந்துவிட்டது. மீறினால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று: கண்காணிப்பு மென்பொருள் காட்டும் வரைபடம் வேறு, ஃபயர்வாலின் லாக் வேறு. லாக்கைச் சேர்த்துவைக்கும் வசதி உண்டா, எத்தனை நாளுக்கு என்று தனியே கேட்க வேண்டும்.

வேலை செய்கிறவர்களுக்கும் இதில் உரிமை இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கத் தொழிலாளியின் தரவைக் கையாள 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்கு இடம் தருகிறது. அதற்காக, ஆலை விடுதியின் வைஃபையில் ஒரு பெண் எந்தத் தளம் பார்க்கிறாள் என்று மேலாளர் வேடிக்கை பார்ப்பது நிறுவனத்தைக் காப்பது ஆகாது. எவ்வளவு தரவு ஓடுகிறது என்று அளப்பதோடு நிறுத்திக்கொண்டு, எதைப் பார்க்கிறோம் என்பதைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதே முறை. பாதுகாப்பில் கோட்டைவிட்டுத் தனிநபர் தரவு கசிந்தால் அந்தச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஊடுருவல் நடந்தே விட்டால்? பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930. செர்ட்-இன்னுக்கு 1800-11-4949. இழப்பீட்டுக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனுச் செய்யலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவரே விசாரிப்பார். அங்கே எடுபடப்போவது சான்றுகள்தான். பதற்றத்தில் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு ‘ஃபார்மட் போட்டுருங்க’ என்று சொல்வதால் அவை அழிந்துபோகின்றன. கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தேதி எழுதிப் பூட்டி வைத்துவிட்டு, புது டிஸ்க்கில் பேக்கப்பை ஏற்றி வேலையைத் தொடரலாம்.